நூறு சதவீத வேலைவாய்ப்பு: ஒரு சாதனை அறிக்கை

வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஒன்று உலகத்தில் இன்னும் பல இடங்களில் இருப்பதாகச் செய்தித்தாளில் படிக்கிறேன். படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் கல்லூரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்த்து வைத்திருப்போம். எங்கள் வளாகத்துக்குள் அதை ஒழித்துப் பல வருடங்கள் ஆகின்றன.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் அந்தக் கல்லூரியின் வேலைவாய்ப்பு இயக்குநர். எங்களிடம் பட்டம் வாங்கி வேலை கிடைக்காத ஒருவரைக் காட்டுபவருக்குத் தக்க சன்மானம் வழங்கப்படும் என்று தாளாளர் நுழைவாயிலிலேயே பலகை வைத்திருக்கிறார். இதுவரை யாரும் அதை வாங்கியதில்லை. இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். எங்கள் பழைய மாணவர்கள்தான். வேலை கிடைக்காத ஆள் நாங்களேதான் சார் என்றார்கள். அன்று மாலைக்குள் இரண்டு பேருக்கும் வேலை போட்டுக் கொடுத்து, பலகையின் மானத்தைக் காப்பாற்றினோம்.

என்ன வேலை, எங்கே வேலை என்று கேட்பீர்கள். நூலகத்துக்கு நேர் கீழே. வாகனம் நிறுத்துவதற்காகக் கட்டிய கீழ்த்தளம் அது. இப்போது அதற்கு 'எதிர்கால அறை' என்று பெயர். நீள நீளமான மேசைகள், மேசைக்கு மேசை தொலைபேசிகள், காதில் கருவியும் கழுத்தில் டையுமாக எங்கள் பட்டதாரிகள். பதவியின் பெயர் 'எதிர்கால ஆலோசகர்'. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஃபோன் செய்து, எங்கள் கல்லூரியில் படித்தால் கட்டாயம் வேலை கிடைக்கும் என்று எடுத்துச் சொல்வது அவர்கள் பணி. இதில் பொய் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்குக் கிடைத்ததா தம்பி என்று ஒரு தகப்பனார் கேட்டால், "கிடைச்சிருக்கே சார், வேலையிலேருந்துதான் பேசுறேன்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம்.

மாணவர்கள் பெருகப் பெருகப் பட்டதாரிகள் பெருகுகிறார்கள். பட்டதாரிகள் பெருகப் பெருக மேசைகள் பெருகுகின்றன. மேசைகள் பெருகினால் மாணவர்கள் பெருகாமல் என்ன செய்வார்கள்? இந்த ஏற்பாட்டுக்குச் சட்டப் புத்தகங்களில் வேறு ஒரு பெயர் இருப்பதாக எங்கள் வழக்கறிஞர் சொன்னார். நாங்கள் 'தன்னிறைவு' என்கிறோம். சம்பளம் மட்டும் கொஞ்சம் கல்வி சார்ந்தது. பெரும்பகுதியை அனுபவமாகக் கொடுத்துவிடுகிறோம், மிச்சத்தைப் பணமாக.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது, பட்டத்துக்குச் செலவழிக்கிற பணம் வீணா இல்லையா என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. தொலைக்காட்சியில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து விவாதித்தார்கள். நான்கு பேரும் பட்டதாரிகள். நான்கு பேருக்கும் அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. தாளாளர் அவசரக் கூட்டம் போட்டார்.

"ஊரெல்லாம் இதான் பேச்சா இருக்கு. நாம என்ன சொல்லப் போறோம்?" என்றார்.

"ஆராய்ச்சி பண்ணிப் பாக்கலாம் சார்," என்றார் முதல்வர்.

"பண்ணி, வேற மாதிரி முடிவு வந்துட்டா?"

முதல்வர் உட்கார்ந்துவிட்டார். அறிஞர், எங்கே உட்கார வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் விடுப்பெடுத்து வீட்டில் உட்கார்ந்து, ஆலோசகர்கள் ஃபோனில் பேசுவதற்காக ஒரு 'பேச்சுப் படிவம்' எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்தது அது என்று சொல்லிக்கொள்வேன்.

ஒரு சின்ன உதாரணம். கட்டணம் அதிகமாக இருக்கிறதே என்று ஒரு தாய் சொன்னால், "கட்டணம்னு பாக்காதீங்கம்மா, முதலீடுன்னு பாருங்க" என்று சொல்ல வேண்டும். முதலீடு என்றால் போட்ட பணம் திரும்பி வருமா என்று அவர் கேட்டால், மனம் புண்பட்ட குரலில், "கல்வியப் போய் லாப நஷ்டமாப் பாக்கலாமாம்மா?" என்று கேட்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லலாம். இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்பவர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு: "தாராளமா யோசிங்கம்மா. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளை சேந்திருக்கும்." பக்கத்து வீடே இல்லாதவர்கள்கூட இதைக் கேட்டுப் பதறியிருக்கிறார்கள்.

எதிர்கால அறையின் நடுவில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. ஒரு பெற்றோர் சம்மதித்ததும், பேசிய ஆலோசகர் எழுந்துபோய் அதை அடிப்பார். மற்றவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மேலே நூலகத்தில் படிப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்காதா என்று ஒரு பார்வையாளர் கேட்டார். இதுவரை புகார் வந்ததில்லை என்றேன். புகார் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.

அந்த மணியை அதிகம் அடித்தவன் 'பதக்கம்'. படிக்கும்போது தங்கப் பதக்கம் வாங்கியவன் என்பதால் அந்தப் பெயர். பதக்கத்தின் விலையைக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டோம், அது வேறு விஷயம். ஒருநாள் பிற்பகல் கீழே மணிச் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் பதக்கம் என் அறை வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

"சார், இன்னிக்கு அடிச்ச மணி மாதிரி நான் அடிச்சதே இல்ல சார்."

"பெரிய இடமா?"

"சின்ன இடந்தான். தையல் கடை வச்சிருக்கிற அம்மா. பொண்ணு போன வருஷம் பள்ளிக்கூடம் முடிச்சிருக்கு. கட்டணத்தச் சொன்னேன். அப்புறம் அவங்களே சொல்றாங்க, கடைய வித்துக் கட்டிடுறேன் தம்பின்னு. நம்ம படிவத்துல பாதிகூடத் தாண்டல சார் நான்."

நான் எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "இப்படிப்பட்ட தாய்மாருங்க இருக்கிற வரைக்கும் உயர்கல்விக்கு ஒரு குறையும் வராது," என்றேன்.

"ஆமா சார், ரொம்ப வெகுளி. என் தம்பி உங்க கல்லூரியிலதான் பெரிய அதிகாரியா இருக்கான், அவன் இருக்கிற இடம் தப்பா இருக்காதுன்னாங்க. இங்க யாரோட அக்கா சார் தையல் கடை வச்சிருக்காங்க?"

குலுக்கிய கையை நான் விடவில்லை. "கடை எங்க இருக்குன்னு சொன்னாங்க?"

"நகல் எடுக்கிற கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவுலயாம்."

அந்த நகல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கடை. மூன்று தையல் இயந்திரமும் ஒரு வெட்டு மேசையும் போட்ட, என் கூடப்பிறந்த அக்காவின் கடை. மருத்துவமனைச் சீருடையும் உணவு விடுதிக்காரர்களின் மேலங்கியும் தைத்துத் தைத்தே அந்த இடத்தைச் சொந்தமாக வாங்கியவள் அவள். அத்தானுக்குக் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். மீதி நாள் வீட்டில், அக்கா சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஒரே மகள். படிப்பு முடிந்ததிலிருந்து கடையில் துணி வெட்டுவது அவள் பொறுப்பு. அதற்கு மாதாமாதம் அக்கா கறாராகச் சம்பளமும் கொடுக்கிறாள்.

அன்று மாலையே கடைக்குப் போனேன். அக்கா இயந்திரத்தை நிறுத்தாமல் பேசினாள்.

"வாடா. நீ வருவேன்னு தெரியும். மணி அடிச்சாங்களே, ஃபோன்லயே கேட்டுச்சு. அத்தனை பேரும் கைதட்டினாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பொறந்ததுலேருந்து எனக்கு யாரும் கைதட்டினதில்ல."

நான் அசடு வழிய நின்றேன்.

"ஆனா உம்மேல எனக்கு ஒரு வருத்தம் இருக்கு," என்றாள். "அவ்வளவு நல்ல இடத்துல இருந்துகிட்டு, நம்ம பொண்ணையும் சேக்கலாம்க்கான்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? யாரோ பெத்த பிள்ளை சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு."

"இல்லக்கா, நானே சொன்னா சிபாரிசு மாதிரி ஆயிடும்னு..." என்று மென்று விழுங்கினேன்.

வெட்டு மேசையிலிருந்து மருமகள் கேட்டாள். "மாமா, அங்க என்ன சொல்லித் தருவாங்க?"

எத்தனையோ மேடைகளில் எங்கள் கல்லூரியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. "எதிர்கால மேலாண்மை," என்றேன்.

"அப்படின்னா?"

"எதிர்காலத்த மேலாண்மை பண்றது."

"யாரோட எதிர்காலத்த?"

"பொதுவா."

"எனக்குப் படிக்க ஆசைதான் மாமா. கணக்குன்னா ரொம்பப் பிடிக்கும். ஆனா இருக்கிற கடைய வித்துப் படிக்கணும்னா, முதல்ல ஒருநாள் வகுப்புல உக்காந்து பாத்துடுறேனே. துணி வாங்க வர்றவங்ககூடத் தொட்டுப் பாத்துதான வாங்குறாங்க."

"அவ கெடக்கா," என்றாள் அக்கா. இயந்திரம் நின்றது. "நீ சொல்லு. நல்ல இடந்தான? நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே தரகர வரச் சொல்லிடுவேன். எனக்கு வேற யாரு சொல்றதும் வேண்டாம்."

ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். இரண்டும் சின்னச் சொற்கள்தான். இரண்டுமே வாயில் வரவில்லை. "அவ ஆசப்படுற மாதிரி ஒருநாள் வந்து பாக்கட்டும்க்கா," என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

வகுப்பில் உட்கார்ந்து பார்க்க ஒரு பெண் வருகிறாள் என்று சொன்னதும் கல்லூரியில் சின்னக் கலவரமே மூண்டது. எத்தனையோ பெற்றோர் வந்திருக்கிறார்கள். நீரூற்றைப் பார்ப்பார்கள், மின்தூக்கியில் மேலும் கீழும் போவார்கள், குளிர்சாதன அரங்கத்தில் கொஞ்சம் கண்ணயர்வார்கள், பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள். வகுப்பை யாரும் கேட்டதில்லை.

"வகுப்பா? சேர்க்கை நடக்கிற மாசத்துலயா?" என்றார் முதல்வர். "பாடம் எடுக்கிறவங்க எல்லாரும் கீழ ஃபோன்ல இருக்காங்களே."

தாளாளருக்கு ஃபோன் போட்டோம். பாரம்பரியத்தில் இல்லாததாக இருந்தாலும் வாடிக்கையாளர் விருப்பமே முக்கியம் என்று சொல்லிவிட்டார். எனவே ஒரு 'மாதிரி வகுப்பு' ஏற்பாடானது. ஆலோசகர்களில் ஒரு பகுதியினரை டையைக் கழற்றச் சொல்லி மாணவர்களாக உட்கார வைத்தோம். பேராசிரியராகப் பதக்கம் நியமிக்கப்பட்டான். காதுக் கருவியைக் கழற்றியும் தலைமுடியில் அதன் தடம் அப்படியே இருந்தது. அக்காவும் மருமகளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

பதக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னான்.

"வணக்கம். நான் உங்க எதிர்காலத்துலேருந்து பேசுறேன்."

பழக்க தோஷத்தில் வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "கட்டணம் எவ்வளவு?" என்றது.

"கட்டணம்னு பாக்காதீங்க, முதலீடுன்னு பாருங்க," என்று அவன் ஆரம்பித்துவிட்டான். சும்மா சொல்லக் கூடாது, அன்று அவன் பேசிய பேச்சு அபாரம். குரல் ஏறியது, தாழ்ந்தது, சரியான இடத்தில் புண்பட்டது. இரண்டாவது வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். அவள் எங்களிடம் படித்துமுடித்து இரண்டு வருடமாகக் கீழே வேலை பார்ப்பவள். முடிக்கும்போது ஒருவன் எழுந்து, தான் மறுபடி சேர முடியுமா என்று கேட்டான். இன்னொருவன் பேனாவைத் திறந்துவிட்டான். மணி இல்லாததால் யாரோ மேசையைத் தட்டினார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அக்காவும் எழுந்து கைதட்டினாள்.

மருமகள் மட்டும் கையை உயர்த்தினாள். "சார், இதுல பாடம் எது?"

பதக்கம் திணறிப்போனான். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதிய எனக்கே தெரியும், இல்லை. கடைசியில் சமாளித்தான். "அருமையான கேள்வி. ஆனா பக்கத்து வீட்டுப் பிள்ளை இதக் கேக்காது."

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு தெளிவாப் பேசுறாருடா அந்த வாத்தியார். எனக்கு நூத்துல பாதிதான் புரிஞ்சுது, அதுவே எப்படி இருந்துச்சு. இவளுக்கு என்ன தெரியும்? நீ இங்க இருக்கே, எனக்கு அது போதும். இந்த வாரக் கடைசிக்குள்ள தரகர் ஆளக் கூட்டிட்டு வர்றாராம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கடை போனால் அவள் வேறு எவர் கடையிலாவது கூலிக்கு உட்கார்ந்து தைக்க வேண்டும். கடை விற்ற பணம் எங்கள் வாசலில் இன்னொரு நீரூற்றாகப் பீய்ச்சியடிக்கும். அதைத் தினமும் தாண்டித்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் வேலை போய்விடும். வேலைவாய்ப்பு இயக்குநருக்கே வேலை போனால் நூறு சதவீதம் என்ன ஆவது?

எனவே அதிகாரபூர்வமான ஒரு வழியைத் தேடினேன். கிடைத்தும்விட்டது. எங்கள் பணி விதிகளில் 'ஊழியர் குடும்ப நலச் சலுகை' என்று ஒன்று இருக்கிறது. ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோர் பிள்ளைகளுக்கும் மூன்று வருடமும் முழு இலவசம். தாளாளரிடம் ஓடினேன். அவர் மகிழ்ந்துபோனார்.

"ஒரு பைசா வாங்காதீங்க. அந்தப் பொண்ணு படத்த எடுத்து நாற்சந்தியில பெருசா வைங்க. 'எங்கள் ஊழியர்களே நம்பும் கல்லூரி'ன்னு போடுங்க. அதப் பாத்துப் பணம் கட்டுறவங்க கட்டட்டும்."

இப்படி ஒரு பரந்த உள்ளம் யாருக்கு வரும்? அவர் கையெழுத்து காய்வதற்குள் கடைக்கு வந்துவிட்டேன்.

"அக்கா, கடைய விக்க வேண்டாம். ஒரு பைசா கட்ட வேண்டாம். மூணு வருஷமும் சும்மா."

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்பது சற்றுக் கழித்துத்தான் புரிந்தது. கடையை விற்பதாகச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தவள். அவளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மருமகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இந்தச் சலுகை எப்பலேருந்து இருக்கு மாமா?"

"கல்லூரி ஆரம்பிச்ச நாள்லேருந்து."

"அப்ப முதல்வரோட பிள்ளைங்கள்லாம் இங்கதான் படிச்சாங்களா?"

"இல்ல. அவங்களுக்கு வேற ஊர்ல இடம் கிடைச்சுது."

"பாடம் எடுக்கிறவங்க பிள்ளைங்க?"

"அவங்களுக்கும் வேற ஊர்ல."

"வாசல்ல நிக்கிற காவலாளி?"

"அவரு பையன் இந்த ஊர் அரசுக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதிப் போயிட்டான்."

"யாராவது ஒருத்தர் இந்தச் சலுகைய வாங்கியிருக்காங்களா?"

மேசையில் கிடந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"உங்க பையன்?" என்றாள்.

என் மகன் வெளியூரில் படிக்கிறான். விடுதிக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, போக வரப் பயணம் என்று மாதாமாதம் முழி பிதுங்குவதை இதே கடையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை அக்காவிடம் புலம்பியிருக்கிறேன். "அவனுக்கு அந்த ஊர்க் காத்து ஒத்துக்குது," என்றேன்.

அக்கா முகத்திலிருந்து துணியை எடுத்தாள்.

"இங்க சும்மாவே படிக்கலாம்னு இருந்தும், அவ்வளவு செலவு பண்ணி அவன அங்க அனுப்பினியா?"

"ஆமாக்கா."

"அப்ப இது எம் பொண்ணுக்கு மட்டும் நல்ல இடமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. வாடிக்கையாளரிடம் கை நீளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். பேச்சுப் படிவம் முழுவதும் எனக்கு மனப்பாடம். தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் மாமன்மாருக்கும் அதில் பதில் உண்டு. அக்காவுக்குப் பதில் இல்லை.

"சும்மான்னாலும் சும்மா இல்லியே மாமா," என்றாள் மருமகள், என்னைக் காப்பாற்றுவதற்காகவோ என்னவோ. "மூணு வருஷம் நான் வெட்ட வரலன்னா அம்மா ஒரு ஆள் வைக்கணும். அந்தச் சம்பளத்த யாரு குடுப்பாங்க? என்னோட மூணு வருஷத்த யாரு குடுப்பாங்க?"

"வேண்டாம்க்கா," என்றேன். சொல்லிவிட்டேன் என்பது காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. "பணம் கட்டியும் வேண்டாம். சும்மாவும் வேண்டாம். அந்த வாத்தியாரு வாத்தியாரே இல்ல. உன்கிட்ட ஃபோன்ல பேசினவனே அவன்தான். அவன் பேசினதெல்லாம் நான் எழுதிக் குடுத்தது."

அக்கா திட்டப்போகிறாள் என்று தயாராக நின்றேன்.

"நல்லாத்தான் எழுதுறடா," என்றாள். "என்ன பண்றது, நல்லதா ஏதாவது எழுதியிருக்கலாம்." பிறகு தரகருக்கு ஃபோன் செய்து, வர வேண்டாம் என்றாள்.

மருமகள் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். "மாமா, அந்தக் காவலாளி பையன் படிக்கிற இடத்துல சாயந்திர வகுப்பு இருக்கா? கணக்கு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இத்தனை வருடப் பணியில் ஒரு மாணவிக்காக நான் போய் விசாரித்த முதல் விஷயம் அது. இருந்தது. நுழைவுத் தேர்வு கொஞ்சம் கடினம் என்றார்கள். கட்டணத்தைச் சொன்னபோது அக்கா நம்பாமல் இரண்டாம் முறை கேட்டாள். மருமகள் இப்போது வெட்டு மேசையின் ஒரு மூலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்கிறாள். மேலங்கிகளில் அவ்வப்போது ஒரு கை குட்டையாகிவிடுகிறது. அக்கா திட்டிக்கொண்டே பிரித்துத் தைக்கிறாள்.

எனக்கு மிச்சமிருந்த கடமை தாளாளரிடம் தகவல் சொல்வது. நாற்சந்திப் பலகைக்குச் சட்டம் அடித்து, புகைப்படக்காரரையும் வரவழைத்து உட்கார வைத்திருந்தார். மருமகள் சேரவில்லை என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன், என்ன குறை?"

"விலை கட்டுப்படியாகலையாம் சார்."

"இலவசம்னு நீங்க சொல்லலியா?"

"சொன்னேன் சார். அதுவே அதிகம்கிறாங்க."

வேறு யாராக இருந்தாலும் குழம்பியிருப்பார்கள். தாளாளர் கல்வியில் இறங்குவதற்கு முன்பு பல வியாபாரங்களைப் பார்த்தவர். விலை அதிகம் என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"சரி. இலவசத்துல இன்னும் கொஞ்சம் குறைங்க."

"அதுக்குக் கீழ போனா நாமதான் சார் அவங்களுக்குக் குடுக்கணும்."

"எவ்வளவு கேக்குறாங்க?"

"அவங்க கேக்கல சார். மூணு வருஷம் அந்தப் பொண்ணு கடைக்குப் போகலன்னா எவ்வளவு சம்பளம் போகும்? அதையாவது நாம குடுத்தாத்தான் அவங்களுக்கு நஷ்டம் இல்லாம இருக்கும்."

மருமகளின் மாதச் சம்பளத்தைச் சொன்னேன். தாளாளர் கால்குலேட்டரை இழுத்துத் தட்டினார். வந்த தொகையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினார். அதே தொகைதான் வந்தது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்னய்யா இது, நம்ம பட்டத்துக்கா? இந்தப் பட்டத்துக்கு இவ்வளவு பணத்தக் கொட்டிக் குடுக்கணும்னா அவன் புத்தி கெட்டவனாத்தான் இருக்கணும்."

நான் மறுத்துப் பேசவில்லை. அவர் கல்வித் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். எங்கள் பட்டத்தின் மதிப்பை அவரைவிடத் துல்லியமாக அறிந்தவர் யாரும் இருக்க முடியாது. கால்குலேட்டரில் தெரிந்த தொகை, நாங்கள் ஒரு பிள்ளையிடம் மூன்று வருடத்துக்கு வாங்கும் கட்டணத்தில் பாதிகூட இல்லை.